பதினேழாம் தாள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் இந்த முதியோர் இல்லத்தில் எல்லோரும் என்னைப் "பட்டாசு" என்றுதான் கூப்பிடுவார்கள், மேனேஜர் உட்பட. என்னை "சிஸ்டர்" என்று மரியாதையாகக் கூப்பிட்டது ஒரே ஒருவர்தான். அவருக்குத் தான் பெற்ற மகளின் பெயரே நினைவில் இல்லை.

நான் நர்ஸ் இல்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது, திட்டு வாங்குவது, இதெல்லாம் என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன். இல்லத்தின் பின்கட்டில் ஒன்பது கட்டில்கள் போட்ட நீளமான அறை ஒன்று இருக்கிறது. மறதி முற்றியவர்களை, ஆண் பெண் என்று பிரிக்காமல், அங்கேதான் வைத்திருக்கிறோம். வெளியே போகும் கதவில் புத்தக அலமாரி போல ஒரு படம் ஒட்டியிருக்கும். கதவு என்று தெரிந்தால் தட்டுவார்கள், அலமாரி என்று நினைத்தால் விட்டுவிடுவார்கள் என்று யாரோ படித்தவர்கள் கண்டுபிடித்தது. எட்டுப் பேர் அதை நம்பினார்கள். மூன்றாம் கட்டில்காரர் நம்பவில்லை.

அவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து மேட்ரனாக, அதாவது நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியாக, ஓய்வு பெற்றவர். நாங்களும் மேட்ரன் என்றே கூப்பிட்டோம். மாலை நான்கு மணி வரை அவரைப் போலச் சாது கிடையாது. நான்கு அடித்ததும் எழுந்துவிடுவார். நேராக அந்த அலமாரிப் படத்துக்குப் போய் நகத்தால் சுரண்டுவார். "இன்னும் வரலையா? மணி என்ன ஆச்சு? என்ன பொறுப்பு இது?" என்று சத்தம் போடுவார். உட்கார வைக்கப் போனால் அறை விழும். ஒருநாள் டீ கொண்டுவந்த சமையல்காரம்மாவைப் பிடித்துத் தள்ளியதில் அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது.

வாரம் ஒருமுறை வரும் டாக்டர் மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தார். மேட்ரனின் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வயது இருக்கும் அவளுக்கு. பள்ளிக்கூட ஆசிரியை.

"வேண்டாம் டாக்டர். முன்ன இருந்த இடத்துல குடுத்தாங்க. ரெண்டே மாசம், நடை போச்சு, பேச்சு போச்சு. வாயோரமா வழியும், தொடைக்கணும். கண்ணைத் திறந்து வெச்சிக்கிட்டே அம்மா இல்லாம போயிட்டாங்க. நிறுத்தி எட்டு மாசம் கழிச்சுத்தான் மறுபடி ஒரு அடி எடுத்து வெச்சாங்க. இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

டாக்டர் கெட்டவர் இல்லை. பேனாவை மூடினார். "எனக்கும் மாத்திரை குடுக்கணும்னு ஆசை இல்லம்மா. ஆனா மத்தவங்களுக்கும் கை காலு இருக்கே. திங்கள்கிழமையில இருந்து மூணு வாரம் தர்றேன். அடி, தள்ளு, கத்தல் ஒண்ணும் இருக்கக் கூடாது. என்ன செஞ்சு சமாளிச்சீங்கன்னு தினமும் எழுதி வைங்க. இருபத்தோராம் நாள் வந்து நானே பாக்கறேன்" என்றார்.

மேனேஜர் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார். மாத்திரை இல்லாமல் சமாளிப்பது எப்படி என்று ஒருநாள் பயிற்சி நடந்தபோது அதற்குப் போய் வந்த ஒரே ஆள் நான். திரையில் படம் காட்டி ஒரு அம்மா பேசினாள். ஒவ்வொரு முரட்டுத்தனத்துக்குப் பின்னாலும் ஒரு தேவை இருக்கிறதாம், அதைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். நான் பாதி நேரம் தூங்கினேன், சாப்பாடு நன்றாக இருந்தது.

திங்கள்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. பழைய பாட்டுப் போட்டேன், காதைப் பொத்திக்கொண்டார். துண்டு மடிக்கக் கொடுத்தேன், மடித்து வைத்துவிட்டு நான்கு மணிக்குக் கதவுக்குப் போனார். பயிற்சியில் கொடுத்த பொம்மைக் குழந்தையை மடியில் வைத்தேன். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, "கையில பேர் டேக் கட்டாம குழந்தையை எவ தூக்கிட்டு வந்தா?" என்று என் மேலேயே எறிந்தார். நாலாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. என் சுபாவத்துக்கு நாலு நாள் தாங்கியதே அதிகம். "யாருக்காக இப்படி நின்னு உயிரை எடுக்கறீங்க? போய் உக்காருங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை யாரும் அவரிடம் கேள்வியே கேட்கவில்லை போலிருக்கிறது. "ஹேண்டோவர் குடுக்காம எப்படிம்மா போறது? உள்ள ஒன்பது உயிர் இருக்கு" என்றார், ரொம்ப நிதானமாக.

டியூட்டி முடிந்து போகிற நர்ஸ், அடுத்து வருகிற நர்ஸிடம் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். முப்பத்தாறு வருடம் அப்படித்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். இங்கே தினமும் நான்கு மணிக்கு வார்டை ஒப்படைக்க ஆள் தேடியிருக்கிறார். நாங்கள் என்னவென்றால் அவரைப் பிடித்துப் பிடித்து உட்கார வைத்திருக்கிறோம். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கையில் கிடைத்த தாளைத் திருப்பிப் பேனாவை எடுத்தேன். "சொல்லுங்க மேட்ரன். நான்தான் நைட் சிஸ்டர்" என்றேன்.

சொன்னார். இருபது நிமிடம் ஆயிற்று. கடைசியில், "எடுத்துக்கிட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"எடுத்துக்கிட்டேன் மேட்ரன்."

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தன் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சமையல்காரம்மா கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்று, "பட்டாசுகூட அழுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் தாளைக் கண்டதும் மேட்ரனுக்குப் பிடிக்கவில்லை. நோட்டு வேண்டும் என்றார். கடையில் நீளமான கெட்டி அட்டை நோட்டு ஒன்று வாங்கி வந்தேன். அவர் சிவப்புப் பேனா கேட்டு வாங்கி, ஒவ்வொரு தாளின் மூலையிலும் நம்பர் போட உட்கார்ந்தார். ஒன்றில் தொடங்கி நாற்பது வரை. சோற்றை எடுத்து வாயில் வைக்க நடுங்குகிற கை அன்றைக்கு நடுங்கவில்லை. "நம்பர் போடாத நோட்டை வார்டுல வைக்காதீங்க சிஸ்டர். தப்பா எழுதினா ஒரே ஒரு கோடு போட்டு அடிங்க, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. கிறுக்கக் கூடாது. கிழிக்கக் கூடாது."

ஒரு நாளைக்கு ஒரு தாள். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், அடியில் இருவரும் கையெழுத்துப் போடுவோம். ஆரம்பிக்கும் முன் அவர் கட்டை விரலால் தாள்களின் மூலையைப் படபடவென்று புரட்டிவிடுவார். பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஒப்படைத்த நோயாளிகள் யார் என்று எனக்குத் தெரியாது. எந்த வருடத்து வார்டோ. "நாலு, ஆபரேஷன் முடிஞ்சு வந்தாச்சு. வாய்வழியா ஒண்ணும் குடுக்காதீங்க" என்பார். எங்கள் நாலாம் கட்டில்காரம்மா அந்த நேரத்தில் பிஸ்கட்டை டீயில் தோய்த்துச் சப்பிக்கொண்டிருப்பாள். "ஏழு, நிறைமாசம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் வலி" என்பார். ஏழாம் கட்டிலில் இருந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர், வெள்ளை மீசைக்காரர். பேச்சு அநேகமாக நின்றுவிட்டிருந்தது. மதியம் அவருக்கு ஊட்டுவது நான்தான். "அண்ணே, உங்களுக்கு நிறைமாசமாம், சொல்லவே இல்லையே" என்று சொன்னால் மீசைக்கடியில் சிரிப்பார். சாப்பிட்டு முடிக்கும் வரை என் இடது கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார்.

முதல் வாரம் போயிற்று. இரண்டாவது வாரமும் போயிற்று. ஒரு அடி இல்லை, ஒரு கத்தல் இல்லை. மேட்ரனின் மகள் வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்றே சொல்ல வேண்டும். நான்கு மணி ஆனால் வேறொரு ஆளாகிவிடுவேன். உடுப்பில் பேனா செருகிக்கொள்வேன். என் பிள்ளைகள்கூட அப்படி ஒரு மரியாதையோடு என்னைக் கூப்பிட்டதில்லை.

பதினேழாம் நாள் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. ஒன்பது பேரையும் நானே குளிப்பாட்டி, நானே ஊட்டினேன். தபால்காரருக்கு அவசர அவசரமாக ஊட்டினேன். நடுவில் இருமினார். முதுகைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். நான்கு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மேட்ரன் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். ஏழுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஏழு. தண்ணி குடுத்தா புரையேறுது. மூச்சு எண்ணிப் பாத்தேன், நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு. நெஞ்சுல சத்தம் கேக்குது. தலைமாட்டை உயர்த்தி வைங்க. வாய்வழியா குடுக்கறதை நிறுத்துங்க. டாக்டரைக் கூப்பிடுங்க."

எழுதினேன். முந்தாநாள் நிறைமாதம், நேற்றுக் கால் முறிவு, இன்றைக்கு இது என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "எழுதினா போதாது சிஸ்டர். போய்ப் பாருங்க."

"பாக்கறேன் மேட்ரன்."

"எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்துக்கிட்டேன்."

கையெழுத்துப் போட்டேன். அவர் கை கழுவிவிட்டு நிம்மதியாகப் படுத்தார். ஏழாம் கட்டில் என் நாற்காலியிலிருந்து ஆறடி தூரம்கூட இருக்காது. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

காலையில் வரும்போது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. தபால்காரருக்குக் காய்ச்சல் அனலாக அடிக்கிறது, மூச்சு விட முடியவில்லை என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் என்னைத் தாண்டிப் போகும்போது அவர் கை எதையோ தேடியது. நான் பிடிக்கவில்லை. அவர் போன பிறகு ஓடிப்போய் நோட்டைத் திறந்து படித்தேன். புரையேறுது. முப்பத்திரண்டு. போய்ப் பாருங்க. என் கையெழுத்து.

அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். சாப்பாடு நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டிவிட்டதாம். "முந்தின சாயங்காலமே கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்னு சொன்னாங்க" என்றாள் அவர் மனைவி, அவருடைய துணிகளை எடுத்துப் போக வந்தபோது. ஞாயிறு தவறாமல் வந்து அவருக்குத் தலை வாரிவிடுகிறவள். சீப்பை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள். "முதல் நாள் நல்லாத்தானே இருந்தாரு? யாருக்கும் ஒண்ணும் தெரியலையா?"

"ஒண்ணும் தெரியலம்மா. நல்லாச் சாப்பிட்டாரு" என்றேன்.

மேனேஜர் இருபதாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு டாக்டர் வர்றாரு. அந்த நோட்டை முழுசாப் படிக்கணும்னு சொல்லியிருக்காரு. தபால்காரர் வீட்டுல வேற கேள்வி மேல கேள்வி கேக்கறாங்க. நம்ம பேப்பர் எல்லாம் சுத்தமா இருக்கட்டும், என்ன பட்டாசு?" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மாதான் சொன்னார்.

அன்றைக்கு எல்லோரும் மதியத் தூக்கத்தில் இருந்தபோது பிளேடால் பதினேழாம் தாளைத் தையலை ஒட்டி அறுத்து எடுத்தேன். மேட்ரனுக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த நோட்டில்தான் அவர் பிழைப்பு இருக்கிறது, இதில் இப்படி ஒரு தாள் இருந்தால் நாளையிலிருந்து ஹேண்டோவரே கூடாது, மாத்திரைதான் என்பார்கள் என்று. அது பாதி உண்மை. மீதிப் பாதி என் தலை தப்ப வேண்டும் என்பது. டாக்டர் தாளை எண்ணவா போகிறார் என்று நினைத்தேன். மூலையில் இருந்த சிவப்பு நம்பர் என் கண்ணில் படத்தான் செய்தது. பெற்ற மகள் பெயர் தெரியாதவர் இதையா பார்க்கப் போகிறார் என்று விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் இடுப்பு வலி என்று சொல்லி, நோட்டைக் கையில் கொடுக்காமல் என் மடியிலேயே வைத்து எழுதி முடித்தேன்.

இருபத்தோராம் நாள் நான்கு மணிக்கு டாக்டர் ஒரு நாற்காலியில், மகள் ஒரு நாற்காலியில். மகள் புதுப் புடவை கட்டி வந்திருந்தாள். மேட்ரன் எழுந்து வந்தார், யாரையும் அடிக்கவில்லை, எனக்கு எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினார். "நோட்டு" என்றார். டாக்டர் முன்னால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

கட்டை விரலால் மூலையைப் படபடவென்று புரட்டினார். நிறுத்தினார். திரும்பப் புரட்டினார்.

"பதினாறு. பதினெட்டு." என்னைப் பார்த்தார். "பதினேழு எங்க?"

நோட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

"சிஸ்டர், பதினேழு எங்க? யாரு கிழிச்சது?"

"அம்மா, அது கிடக்கட்டும்மா, நீங்க சொல்லுங்க" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்? வார்டு நோட்டுல தாள் கிழிஞ்சிருந்தா யாரோ செத்திருக்காங்கன்னு அர்த்தம்." எழுந்துவிட்டார். "எவ செத்தது? எந்தக் கட்டில்? நான் ஒப்படைச்சிட்டுத்தானே போனேன்? எடுத்துக்கிட்டேன்னு நீ சொன்னியே!"

என் தோளைப் பிடித்து உலுக்கினார். நோட்டு என் முகத்தில் வந்து விழுந்தது, உதடு கிழிந்தது. ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் போர்வையை உருவினார். நாலாம் கட்டில்காரம்மா அலறினாள், டீ டம்ளர் உருண்டது. ஆறு. ஏழு. ஏழாம் கட்டிலில் உறை மாற்றிய மெத்தை மட்டும் இருந்தது. மேட்ரன் அதன் மேல் கையை வைத்து ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுக் கத்த ஆரம்பித்தார். அவ்வளவு சத்தத்தை அந்த உடம்பிலிருந்து நான் கேட்டதே இல்லை.

டாக்டர் என்னிடம் வந்தார். மெதுவாகத்தான் கேட்டார். "ஏதாவது தாள் கிழிஞ்சிருக்கா? அவங்க சொல்றதுல விஷயம் இருக்கா? இருந்தா சொல்லுங்க. அப்படின்னா இது வியாதி இல்ல, நியாயமான கோபம். நான் வேற மாதிரி யோசிக்கணும்."

அவர் அப்படிக் கேட்டார் என்பதை நான் மறக்கவே போவதில்லை. ஒரு வார்த்தை போதும். ஆமாம் டாக்டர், நான்தான், அவர் சொன்னது சரி, தபால்காரரைப் பற்றி ஒரு நாள் முன்னாலேயே சரியாகச் சொன்னார். அதைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும், போலீஸ்கூட வந்திருக்கலாம். மேட்ரன் தப்பித்திருப்பார். கண்ணெதிரில் அவர் மகள் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். யாரைக் கும்பிட்டாளோ தெரியாது.

"இல்ல டாக்டர். நம்பர் போடறப்பவே அவங்க பதினேழை விட்டுட்டாங்க" என்றேன்.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

இதெல்லாம் நடந்து நாலு மாதம் ஆகிறது. ஒரு மாத்திரை இரண்டாயிற்று. மேட்ரன் இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். தாடை நெஞ்சில் படிந்திருக்கும். வாயோரம் வழிவதை நான்தான் துடைக்கிறேன். நல்ல நோயாளி என்று மேனேஜர் சொல்கிறார், தொந்தரவே இல்லையாம். மகள் ஆரம்பத்தில் தினமும் வந்தாள், இப்போது எப்போதாவது வருகிறாள். போன தடவை போகும்போது, "நீங்க எவ்வளவோ பாடுபட்டீங்கக்கா. எங்கம்மா விதி, அவ்வளவுதான்" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கையில் அடி வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான்கு மணி ஆனால் நான் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போடுகிறேன். பதினேழாம் தாள் என் பர்ஸில் நாலாக மடித்து இருக்கிறது. அதை விரித்து அவர் காதருகில் படிக்கிறேன். ஏழு, தண்ணி குடுத்தா புரையேறுது, மூச்சு முப்பத்திரண்டு, போய்ப் பாருங்க. நான் போகல மேட்ரன், என்கிறேன். கிழிச்சது நான்தான் மேட்ரன், என்கிறேன். முழுவதும் சொல்லிவிட்டு, "எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்கிறேன்.

கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறார். என் டியூட்டி நான்கரைக்கு முடிகிறது. ஐந்தே கால் பஸ்ஸையும் விட்டுவிட்டு, இன்னொரு தடவை முதலிலிருந்து படிக்கிறேன்.